மடிக்கணினித் திரையின் அளவு

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தை அடுத்து அமைந்த ஊர் கீரப்பாளையம். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த அவ்வூரிலும் அதன் அயலிலுள்ள சிற்றூர்களிலும் மேல்நிலைப் பள்ளிக் கல்வியை முடிக்கும் மாணவ மாணவியர் பலர், 1929 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ, சி. முட்லூரிலுள்ள அரசு கலைக் கல்லூரியிலோ சேர்ந்து பயில்கின்றனர். கல்லூரியில் இடம் கிடைத்தது என்னும் செய்தி வந்தவுடன் வீட்டில் எழும் முதல் வினா கட்டணத்தைப் பற்றியது. இரண்டாம் வினா மடிக்கணினியைப் பற்றியது. மக்கள் வழக்கில் 'லேப்டாப்' என வழங்கும் அப்பொருள், கட்டுரை எழுதவும், கணக்கிடவும், பாடங்களைப் படிக்கவும், தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் இன்றியமையாததாகிவிட்டது.

சம்பா அறுவடையில் வந்த பணத்திலிருந்து ஒரு குடும்பம் நாற்பதாயிரம் ரூபாயை இதற்கென ஒதுக்கி வைத்துள்ளது என்று கொள்வோம். அத்தொகை ஒருமுறைதான் கிடைக்கும். வாங்கிய கருவி மூன்றாண்டோ நான்காண்டோ உழைத்தாக வேண்டும். பொருந்தாததை வாங்கிவிட்டால், மறு ஆண்டு மாற்றிக்கொள்வோம் என்பதற்கு இடமில்லை. ஆதலின், கடைக்குச் செல்லுமுன் சிலவற்றை அறிந்துகொள்ளுதல் நலம். அவற்றுள் திரையின் அளவு பற்றியதை இங்கு ஆராய்வோம். ஏனைய உறுப்புகளைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்கத் தயங்கும் பெற்றோரும், திரையைக் கண்ணால் கண்டு, "பெரிதாக இருக்கிறது, இதையே கொடுங்கள்" என்று கூறிவிடுவது வழக்கம். பெரியது எனின் நல்லது என்னும் எண்ணம் எல்லாப் பொருளுக்கும் பொருந்துவதன்று.

தமிழ்நாட்டில் இவ்வினா புதிதன்று. 2011 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15 ஆம் நாள், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு தொடங்கிற்று. அடுத்த பத்தாண்டிற்குள் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள் அத்திட்டத்தின்வழி வழங்கப்பெற்றன. உங்கள் அண்ணன்மாரோ அக்காள்மாரோ அவற்றுள் ஒன்றைப் பெற்றிருத்தல் கூடும். பின்னர், கல்லூரி மாணவர் இருபது இலட்சம் பேர்க்கு ஈராண்டில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என 2025 மார்ச்சுத் திங்களில் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பெற்றது. அதற்கெனக் கொள்முதல் செய்ய முற்பட்ட எல்காட் நிறுவனம், திரையின் அளவு 14 அங்குலமாகவோ 15.6 அங்குலமாகவோ இருக்கலாம் என்று ஒப்பந்தப்புள்ளியில் குறித்தது. சொந்தப் பணத்தில் வாங்குவோர் முன்னும் கடையில் பெரும்பாலும் நிற்பவை இவ்விரண்டு அளவுகளே. 11.6 அங்குலமும், 13.3 அங்குலமும், 17.3 அங்குலமும் உள. எனினும் முதலாவது நெடுநேரப் படிப்புக்குச் சிறிது. இரண்டாவது குறைந்த விலையில் அரிது. மூன்றாவது விலையாலும் எடையாலும் நமக்கு எட்டாதது.

இனி, 14 அங்குலம் என்பது எதன் அளவு? திரையின் அகலமா? உயரமா? இரண்டுமன்று. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை செல்லும் மூலைவிட்டத்தின் அளவே அது. ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் ஆதலின், 14 அங்குலம் ஏறத்தாழ 35.6 சென்டிமீட்டர் ஆகும். மூலைவிட்டத்தை மட்டும் சொன்னால் திரையின் பரப்பு விளங்காது. நீளமும் உயரமும் எவ்விகிதத்தில் அமைந்துள்ளன என்பதும் தெரிதல் வேண்டும். கணக்குப் பாடத்தில் நீங்கள் கற்ற பிதாகரசுத் தேற்றம் இங்கு உதவும். அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு எனில், 16 இன் வர்க்கம் 256, 9 இன் வர்க்கம் 81, கூட்டுத்தொகை 337, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 18.36. மூலைவிட்டத்தை 18.36 ஆல் வகுத்து, 16 ஆல் பெருக்க அகலமும், 9 ஆல் பெருக்க உயரமும் கிடைக்கும். இவ்வாறு கணக்கிடின், 14 அங்குலத் திரையின் அகலம் 31 சென்டிமீட்டர், உயரம் 17.4 சென்டிமீட்டர், பரப்பு ஏறத்தாழ 540 சதுர சென்டிமீட்டர். 15.6 அங்குலத் திரையின் அகலம் 34.5 சென்டிமீட்டர், உயரம் 19.4 சென்டிமீட்டர், பரப்பு ஏறத்தாழ 671 சதுர சென்டிமீட்டர். மூலைவிட்டம் நூற்றுக்குப் பதினொன்று மிகுந்தது. பரப்போ நூற்றுக்கு இருபத்து நான்கு மிகுந்தது. விளம்பரத்தில் ஒன்றரை அங்குலமாகத் தோன்றும் வேறுபாடு, பரப்பில் ஏறத்தாழக் காற்பங்காக விரிகின்றது.

வடிவம் மாறினால் பரப்பும் மாறும் என்பதற்கு நம் வீடுகளிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2006 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும் 14 அங்குலமே. ஆனால் அதன் வடிவம் 4க்கு 3 என்னும் விகிதத்தது. அவ்விகிதத்தில் 14 அங்குல மூலைவிட்டமுடைய செவ்வகத்தின் பரப்பு ஏறத்தாழ 607 சதுர சென்டிமீட்டர். இன்றைய மடிக்கணினித் திரையினும் அது பெரிது! சதுரத்தை நெருங்க நெருங்கப் பரப்பு மிகும். நீண்டு ஒடுங்க ஒடுங்கப் பரப்பு குறையும். மூலைவிட்டமோ அப்படியே இருக்கும்.

திரைகள் இவ்வாறு நீண்டதற்குக் காரணம், திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் கருதி அவ்வடிவம் பெருவழக்காயிற்று என்பதே. படிப்போர்க்கு அஃது ஏற்ற வடிவமன்று. நம் முன்னோர் ஓலையில் எழுதினர். ஓலை நீண்டு குறுகியது. அதற்கியைய வரிகள் நெடுகச் சென்றன. தாள் வந்தபின் பக்கம் நிமிர்ந்து நின்றது. இப்போது திரையானது மீண்டும் ஓலையின் வடிவை நோக்கிச் செல்ல, அதற்குள்ளே நாம் தாளைக் காட்ட முயல்கின்றோம். கல்லூரியில் பெரிதும் வழங்கும் ஏ4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர். 17.4 சென்டிமீட்டர் உயரமுள்ள திரையில், மேலும் கீழுமுள்ள பட்டைகள் கொள்ளும் இடம் போக எஞ்சுவதில், தாளின் பாதியளவே உண்மைப் பருமனில் தெரியும். மீதியைக் காண உருட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். இக்குறையைக் கருதியே அண்மைக் காலத்தில் 16க்கு 10 என்னும் விகிதத்தில் திரைகள் மீண்டும் வரத்தொடங்கின. அவ்விகிதத்தில் அமைந்த 14 அங்குலத் திரையின் உயரம் 18.8 சென்டிமீட்டர். பெரிய 15.6 அங்குலத் திரைக்கும் இதற்கும் உயரத்தில் உள்ள வேறுபாடு அரை சென்டிமீட்டரைச் சிறிதே கடந்தது. ஒரே பருமனுள்ள எழுத்தில், 16க்கு 9 ஆன 14 அங்குலத் திரையில் 27 வரிகள் தெரியுமாயின், 16க்கு 10 ஆன 14 அங்குலத் திரையில் 29 வரிகளும், 15.6 அங்குலத் திரையில் 30 வரிகளும் தெரியும். விலை ஒத்திருக்குமாயின், நடுவில் நிற்பதையே நான் தேர்வேன்.

அளவுக்கு அடுத்து அறிய வேண்டுவது, திரையிலுள்ள புள்ளிகளின் தொகை. திரையில் நாம் காணும் எழுத்தும் படமும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனவை. கோலத்தில் புள்ளிகள் நெருங்க வடிவம் நுணுகுவது போன்றது இது. மலிவான மடிக்கணினிகள் சிலவற்றில் குறுக்கே 1366 புள்ளிகளும் நெடுக்கே 768 புள்ளிகளும் இருக்கும். மொத்தம் பத்து இலட்சத்தைச் சிறிது கடக்கும். 'ஃபுல் எச்.டி.' எனப்படுவதில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. மொத்தம் இருபது இலட்சத்துக்கு மேல். 1366 புள்ளிகளையுடைய திரையைப் பெரிதாக்கினால் என்ன நேரும்? புள்ளிகளின் தொகை பெருகாது. ஒவ்வொரு புள்ளியும் பருக்கும். 15.6 அங்குலத்தில் அத்தகைய திரை ஓர் அங்குலத்துக்கு நூறு புள்ளிகளையே உடையது. 14 அங்குல ஃபுல் எச்.டி. திரையோ ஓர் அங்குலத்துக்கு 157 புள்ளிகளைக் கொண்டது.

ஆங்கில எழுத்துக்கு இவ்வேறுபாடு சிறிது பொறுக்கத்தக்கது. தமிழுக்கு அவ்வாறன்று. நம் எழுத்துகள் வளைவும் சுழியும் மிக்கவை. றன்னகரத்தில் இரண்டு சுழி. டண்ணகரத்தில் மூன்று சுழி. மெய்யெழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி. ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு உயரமுள்ள வரியைக் கொள்வோம். அங்குலத்துக்கு நூறு புள்ளியுள்ள திரையில் அவ்வரிக்குக் கிடைப்பவை பதினாறு அல்லது பதினேழு புள்ளிகளே. அவற்றுக்குள் சுழியும் வேண்டும். சுழிகளுக்கு இடையில் வெளியும் வேண்டும். மேலே மெய்ப்புள்ளியும் வேண்டும். கீழே உகரக் கொக்கியும் வேண்டும். எழுத்து மங்கி, 'மனம்' எது, 'மணம்' எது என்று கண் தடுமாறும். 157 புள்ளியுள்ள திரையில் அதே வரிக்கு 26 புள்ளிகள் கிடைக்கின்றன. 15.6 அங்குல ஃபுல் எச்.டி. திரை அங்குலத்துக்கு 141 புள்ளிகளை உடையது. வரிக்கு 23 புள்ளிகளுக்குக் குறையாது. இவ்விரண்டும் தமிழ் படிக்கப் போதுமானவை. ஆதலின், புள்ளி குறைந்த பெரிய திரையை எவ்வளவு மலிவாகக் கொடுப்பினும் கொள்ளற்க.

திரை பெரிதாயின் எழுத்தும் தானே பெரிதாகும் என்று பலர் எண்ணுகின்றனர். எழுத்தின் பருமனை நாமே கூட்டவும் குறைக்கவும் கணினியில் வழியுண்டு. சிறிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் குறையும், அவ்வளவே. கண்ணுக்குத் துன்பம் தருவது சிறிய திரையன்று. சிறிய எழுத்தும், மங்கிய ஒளியும், கண்ணருகே வைத்துப் படிக்கும் வழக்கமுமே. திரை கையெட்டும் தொலைவில் இருத்தலும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பார்வையைத் தொலைவிலுள்ள பொருளில் செலுத்துதலும் மருத்துவர் கூறும் முறைகள்.

இனி, தூக்கிச் செல்வதைப் பற்றிக் காண்போம். 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஆஸ்பர்ன் 1' என்னும் கணினி, தூக்கிச் செல்லத்தக்கது என்று போற்றப்பெற்றது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரையோ 5 அங்குலம்! ஒரு வரியில் 52 எழுத்துகளே தெரியும். அந்நிலையை நோக்க, இன்றைய மடிக்கணினி பூப்போன்றது எனலாம். எனினும் காலை நேரத்தில் சிதம்பரம் செல்லும் பேருந்தில் நின்றுகொண்டு செல்வோர்க்கு ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். 14 அங்குலக் கருவி பெரும்பாலும் ஒன்றரைக் கிலோகிராம் அளவிலும், 15.6 அங்குலக் கருவி அதனினும் ஏறத்தாழக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை மிகுந்தும் இருக்கும். சார்ஜரின் எடை தனி. இதனோடு புத்தகமும் குறிப்பேடும் சோற்றுப் பாத்திரமும் தண்ணீர்ப் புட்டியும் அதே பையில் செல்லவேண்டும். எடையினும் அகலமே மிகுந்த இடர் தருவது. பெரிய கருவி குறுக்கே 36 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பழைய பையில் அது நேராக நுழையாது; சாய்த்துச் செருகினால் மூலைகள் அழுந்தும். நெரிசலில் பை நசுங்கும்போது முதலில் இடர்ப்படுவது திரையே. அதனை மாற்றச் சில ஆயிரம் ரூபாய் செலவாகும். வகுப்பறையில் நாற்காலியோடு பொருத்திய சிறு கைப்பலகைகளும் பெரிய கருவியைத் தாங்கும் அகலமுடையன அல்ல.

மின்கலத்தையும் நினைத்தல் வேண்டும். ஏனைய உறுப்புகள் ஒத்திருப்பின், பரப்பு மிகுந்த திரைக்கு ஒளியூட்ட மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். ஒரு வகுப்பில் அறுபது பேர்க்கு இரண்டு மூன்று மின்செருகிகளே இருக்குமிடத்தில், மாலை வரை தாங்கும் கருவியின் அருமை தெரியும்.

இவற்றால், நாள்தோறும் ஊரிலிருந்து கல்லூரிக்குச் சென்று மீள்வோர்க்கு 14 அங்குலமே ஏற்றது என்பது என் துணிபு. ஆனால் எல்லோரும் நாள்தோறும் பயணம் செய்வோர் அல்லர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே மாணவர் தங்கிப் பயிலும் முறையில் அமைந்தது. விடுதியறையில் மேசைமேல் வைத்துப் பயன்படுத்தி, வாரத்தில் ஓரிருமுறையே வெளியில் எடுத்துச் செல்வோர் 15.6 அங்குலத்தைக் கொள்வதில் தவறில்லை. பயிலும் பாடத்தையும் நோக்குதல் வேண்டும். கட்டட வரைபடம் வரைவோர்க்குப் பரந்த திரை வேண்டும். வணிகவியல் பயில்வோர்க்கு, 15.6 அங்குலக் கருவிகள் பலவற்றில் வலப்புறம் அமைந்துள்ள தனி எண் விசைகள் பெரிதும் உதவும்; கணக்கேட்டில் நூற்றுக்கணக்கான தொகைகளை ஏற்றிப் பார்த்தவர் அதன் அருமையை அறிவர். எழுதுவோர்க்கோ அவ்வெண் விசைகள் இடையூறே. அவை வலப்புறத்தை அடைத்துக்கொள்வதால் எழுத்து விசைகள் இடப்புறம் ஒதுங்கும். திரையின் நடுவுக்கு நேரே அமர்ந்து 'தமிழ் 99' முறையில் தட்டெழுதுவோரின் கைகள் ஒருபுறம் சாய்ந்தே இருக்கும்.

இலக்கியம் பயில்வோர்க்கு ஒரு சொல். 2001 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றுத் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் வழங்கும் நிறுவனம், அரிய பழைய நூல்களைப் படமாக்கி இணையத்தில் வைத்துள்ளது. ஒருபுறம் மூலநூலும் மறுபுறம் நீங்கள் எழுதும் குறிப்புமாகத் திரையை இரண்டாகப் பகுத்துக்கொண்டு படித்தல் சிறந்த முறை. அப்போது 14 அங்குலத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் 15.5 சென்டிமீட்டர் அகலமும், 15.6 அங்குலத்தில் 17 சென்டிமீட்டருக்குச் சிறிது மிகுந்த அகலமும் கிடைக்கும். பழைய பதிப்புகளுள் பல சிறு வடிவின. ஆதலின் முன்னதே போதும்.

விலையைப் பற்றி ஒரு வியப்பான செய்தி உண்டு. உள்ளுறுப்புகள் ஒத்திருக்கும்போது, பெரிய திரையுடையது விலை மிகும் என்றே எண்ணுவோம். குறைந்த விலைக் கருவிகளில் அவ்வாறு இல்லாமல், 15.6 அங்குலம் 14 அங்குலத்துக்கு ஒத்த விலையிலோ, சில வேளைகளில் சிறிது குறைந்த விலையிலோ கிடைப்பதுண்டு. சிறிய உடலுக்குள் எல்லாவற்றையும் செறித்து வைப்பதற்கும் செலவுண்டு என்பதை நினைத்தால் இது விளங்கும். "அதே விலைக்குப் பெரியது" என்று கடைக்காரர் கூறுவது பொய்யன்று. அது நமக்கு வேண்டியதா என்பதே வினா.

மாறாக, திரைக்காக உள்ளுறுப்பைக் குறைத்துக்கொள்ளுதல் பெருங்கேடு. 8 ஜி.பி. நினைவகமும், 'எஸ்.எஸ்.டி.' எனப்படும் விரைவுச் சேமிப்பகமும் இல்லாத கருவி, எத்துணைப் பெரிய திரையோடு வரினும் இரண்டாம் ஆண்டிலேயே தளர்ந்துவிடும். திரைக்கு வெளியிலிருந்து துணை கொண்டுவரலாம். நினைவகத்தையோ சில கருவிகளில் பின்னர்க் கூட்டவே இயலாது. அத்துணையாவது, தனித்திரை. 21.5 அங்குலத் தனித்திரையின் பரப்பு ஏறத்தாழ 1,270 சதுர சென்டிமீட்டர். 14 அங்குலத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கு மேல். எளிய வகைகள் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. முதலாண்டில் மடிக்கணினியை வாங்கி, பின்னர்ப் பணம் சேரும்போது தனித்திரையை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அரசு வழங்கும் மடிக்கணினியைப் பெறுவோர்க்குத் திரையின் அளவு தம் விருப்பில் அமைவதன்று. அவர்க்கும் இவ்வழி உண்டு. வீட்டுத் தொலைக்காட்சியையே எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைப்போரும் உளர். படம் பார்க்க அது தகும். ஆனால் 32 அங்குலத் தொலைக்காட்சிகள் பலவற்றில் 1366 புள்ளிகளே இருப்பதால், அருகில் அமர்ந்து படிக்க எழுத்து பரபரவென்றிருக்கும்.

கடைக்குச் செல்லும்போது கல்லூரிக்குக் கொண்டுபோகும் பையையும் உடன் கொண்டு செல்க. கருவியை அதனுள் வைத்துப் பார்க்கக் கேட்பதில் நாணம் வேண்டா. அளவுகோல் கொண்டு திரையின் உயரத்தை அளந்து பார்க்கலாம். தமிழ்ச் செய்தித்தாளின் இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லி, எழுத்துச் சுழிகள் தெளிவாக உள்ளனவா என்று நோக்குக. பின்னர்த் தலையைச் சிறிது பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்க. ஐ.பி.எஸ். வகைத் திரையாயின் நிறம் மாறாது. மலிவான வேறு வகையாயின் எழுத்து வெளுத்தோ கறுத்தோ தோன்றும். தோழியர் இருவர் ஒரே திரையில் சேர்ந்து படிப்பதற்கு இவ்வேறுபாடு முதன்மையானது. கூடுமாயின் கருவியைக் கடை வாயிலுக்கு அருகே கொண்டுவரச் செய்து, பகலொளியிலும் காண்க. விளக்கொளியில் பளிச்சிடும் திரைகள் சில, வெயிலின் எதிரே கண்ணாடிபோல் நம் முகத்தையே காட்டும். இறுதியாக, பற்றுச்சீட்டில் மாதிரி எண்ணும், திரையின் அளவும், புள்ளிகளின் தொகையும் எழுதப்பெற்றுள்ளனவா என்று பார்த்தபின் பணத்தைக் கொடுக்கலாம்.